சட்டைப் பையில் ஒரு சாட்சி

ட்ரிங்ங்ங்...!

காலை ஒன்பது மணி. ரிசீவரை எடுத்த இன்ஸ்பெக்டரின் காதில் ஒரு குரல் நடுங்கியது.

"சார்... மீன் காட்சியகத்துலேர்ந்து பேசறேன். டிக்கெட் கொடுக்கிறவன். எங்க மேனேஜர்... கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என்னையே பார்க்கிறாரு சார்!"

"மேனேஜர்னா பார்க்கத்தான்யா செய்வாரு."

"அவர் தலைக்கு மேல திருக்கை மீன் நீந்துது சார்!"

ஜீப் பறந்தது. வழியில் இரண்டு சிக்னல்கள் சிவப்பாக மாறப் பயந்து பச்சையாகவே நின்றன!

கடல் மீன் தொட்டி. ஒரு ஏரியை நிமிர்த்தி வைத்துக் கண்ணாடி மாட்டியது போல அத்தனை உயரம். உள்ளே மேனேஜர். கண்கள் திறந்தபடி... டை மேல்நோக்கி மிதந்தபடி...

ஏட்டும், மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் பராமரிப்பாளரும் உடலை மேலே இழுத்தார்கள். பராமரிப்பாளருக்கு அங்கே 'டாக்டர்' என்றுதான் பெயர்.

சட்டைப் பை துள்ளியது!

ஏட்டு அலறினார். "சார்! இதயம் துடிக்குது!"

"இதயம் பாக்கெட்டுக்கு வந்து துடிக்காதுய்யா. உள்ளே பாரு!"

மையில் முக்கி எடுத்தது போல, கன்னங்கரேலென்று ஒரு குட்டி மீன்.

டாக்டர் பாய்ந்தார். "ஐயோ... கண்ணு!" கடல் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு அதில் மீனை விட்டார். அது வாலை ஆட்டியது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

டாக்டரின் பார்வை மெல்லத் திரும்பியது. "டிக்கெட் கவுண்டர் மேல ஒரு நல்ல தண்ணித் தொட்டி இருக்கே... அங்கேயிருக்கிற மீன் சார். அதுலதான் மேனேஜர் தலையை யாரோ அமுக்கியிருக்கணும். அப்பதான் இது பாக்கெட்டுல புகுந்திருக்கு. அப்புறம் உடம்பை இங்கே தள்ளிட்டாங்க."

டிக்கெட்காரன் சுவரோடு சரிந்தான். "நான் இல்ல சார்! அவர் என் மனைவியோட கூடப் பிறந்த அண்ணன் சார்!"

"நேத்து சாயந்திரம் 'தண்ணியில அமுக்காம விடமாட்டேன்'னு கத்தினது நீதானே? தெருவே கேட்டிருக்கு."

"கோபத்துல வந்த வார்த்தை சார்! மூணு வருஷமா ஒரே கூரைக்கடியில வேலை... ஒரு நாள் 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டதில்ல..."

விலங்கு பூட்டப்பட்ட அதே நொடியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தாள் அவன் மனைவி.

தரையில் அண்ணன். விலங்கில் புருஷன்.

"சார்... அண்ணனும் போயிட்டாரு. இவரையும் இழுத்துட்டுப் போனீங்கன்னா, நான் யாருக்காக சார் அழுவேன்?"



இன்ஸ்பெக்டர் வாளியையே வெறித்தார். "டாக்டர்... இது கடல் மீனா இருக்க வாய்ப்பே இல்லியா?"

"இல்லவே இல்ல சார்! மீன் உடம்பு கோடிக்கணக்கான செல்லு. ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு தோலு. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ, தண்ணி அந்தப் பக்கமா ஓடும். இதைத் திடீர்னு கடல் தண்ணியில போட்டா, செல்லுல இருக்கிற தண்ணியெல்லாம் வெளியே ஓடிடும். சுத்தியும் தண்ணி... நடுவுல தாகத்துல சாகும் சார்!"

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரை மணி தாங்கினா ஆச்சரியம்!"

"மேனேஜர் வாட்ச் நேத்து ராத்திரி எட்டு மணியோட நின்னிருக்கு. பதிமூணு மணி நேரம்... உங்க 'கண்ணு' மீன் கொஞ்சம்கூட தாகமே இல்லாம டான்ஸ் ஆடுது!"

டாக்டரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ ஓடியது.

"அது... சில மீன் கொஞ்சம் கெட்டி சார்..."

"சரி, கெட்டின்னே வச்சுப்போம். நல்ல தண்ணி மீனைக் காப்பாத்தறவர் எதுல விடணும்? பத்தடியில கவுண்டர் தொட்டி இருக்கு. நீங்க கடல் தண்ணியை மொண்டீங்க. யோசிக்கவே இல்ல, கை தானா போச்சு! இது உப்புக்குப் பழகிடுச்சுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

ஏட்டு டாக்டரின் அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு வாளி. மேலிருந்து தொங்கும் மெல்லிய குழாய். வேகத்தைக் குறைக்க அதன் நடுவில் ஒரு முடிச்சு. முனையிலிருந்து கடல் தண்ணீர் இன்னும்...

சொட்டு... சொட்டு... சொட்டு...

"விடிய விடிய உட்கார்ந்து பழக்கியிருக்கீங்க. அப்புறம்தான், பழி டிக்கெட்காரன் மேல விழட்டும்னு பாக்கெட்டுல வச்சிருக்கீங்க. இல்லியா?"

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்படியே போட்டா துடிதுடிச்சு செத்துடும் சார்! பாவம் இல்லியா?"

"மேனேஜர் துடிக்கலியா?"

"சீக்கு வந்த மீன் அறுபத்திரண்டு சார். நான் மருந்து போட்டுத் தேத்திக்கிட்டிருந்தேன். 'பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கழுவி விடு'ன்னாரு. பொட்டலத்தைப் பிரிச்சிட்டாரு சார்! என் தொட்டியிலேயே தலையைப் பிடிச்சு..."

விலங்கு கை மாறியது.

டிக்கெட்காரன் மனைவியின் கையைப் பற்றினான். அதுவரை கல்லாக நின்றவள், அண்ணனின் நனைந்த காலடியில் விழுந்து, கட்டிடமே அதிரும்படி அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது டாக்டர் திரும்பினார். "சார்... அந்தக் குட்டியை உடனே நல்ல தண்ணியில விட்டுடாதீங்க. இப்ப தண்ணி உள்ளே பாயும். உடம்பு உப்பிடும்!"

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "இவரைக் கொண்டுபோய் நேரா லாக்கப்புல தள்ளிடட்டுமா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

"திடீர்னு தள்ளினா தாங்கமாட்டாருய்யா! முதல்ல வராந்தா... அப்புறம் பெஞ்சு... அப்புறம் லாக்கப்பு. சொட்டுச் சொட்டாப் பழக்கு!"