எரியுதான்னு பார்த்துச் சொல்லு

மீட்டரில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும். புள்ளி நான்கு வோல்ட் என்று வந்தது.

அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி வைத்தாள். அதே புள்ளி நான்கு. இடது பக்கப் பின்விளக்கைக் காரில் பொருத்தியாகிவிட்டது, ஆனால் அதன் ஒயர்கள் எதிலும் சேராமல் திறந்த டிக்கிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. பேட்டரி இணைப்பையும் கழற்றி வைத்திருந்தாள். புது விளக்கு சீராக எரிகிறதா, எங்காவது கறுப்புத் திட்டு விழுகிறதா என்று பார்க்க இருட்டு வேண்டும் என்பதற்காக, வெளியே நாலு மணி வெயில் கொளுத்தும்போதே ஷெட்டின் ஷட்டரை இறக்கி, ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, கதவிடுக்கில் பழைய சாக்கைத் திணித்திருந்தாள். உருகிய ஈயத்தின் வாசனையும் சிலிகான் பசையின் புளிப்பு வாடையும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. மீட்டரின் சின்னத் திரையைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை.

எல்இடிக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் கொடுத்தால் வெளிச்சம் தரும். அதன்மேல் வெளிச்சம் பட்டால் திருப்பிக் கொஞ்சம் கரண்ட் தரும். அவள் வேலை பார்க்கும் பெயர்ப்பலகைக் கடையில் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துத்தான் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பார்கள். அப்படியானால் இந்தப் புள்ளி நான்குக்கு ஒரே அர்த்தம்தான். விளக்கின்மேல் எங்கிருந்தோ வெளிச்சம் படுகிறது.

விளக்குக்கு எதிரே இருந்தது ஷெட்டின் பின்சுவர். ஆறடி தூரம். கும்மிருட்டு.

அவள் சிவப்பு மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். பூஜ்யம். கையை எடுத்தாள். புள்ளி ஐந்து.

"விளையாடுறியா?" என்று மீட்டரைப் பார்த்துக் கேட்டாள். அதன் பேட்டரியை மாற்றினாள். விளக்கைக் கழற்றி மேசையில் ஷட்டர் பக்கம் பார்க்க வைத்தாள், பூஜ்யம். பின்சுவர் பக்கம் திருப்பினாள், புள்ளி ஐந்து. மேசையின் குற்றமும் இல்லை, மீட்டரின் குற்றமும் இல்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை இது. இன்று முடித்தே ஆகவேண்டும்.

பழைய கார். அதன் பின்விளக்கு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அவளே அச்செடுத்து, மூடி வார்த்து, பக்கத்துக்கு முப்பத்தாறு எல்இடி வைத்துப் பற்றவைத்திருந்தாள். பழைய பல்பு என்றால் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்தால் பேட்டரி பத்து மணி நேரத்தில் படுத்துவிடும். இது ஐம்பது மணி நேரம் தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இனி எவனும் இந்தக் காருக்குப் பின்னால் வந்து, தெரியவில்லை என்று சொல்லக்கூடாது.

கார் அண்ணனுடையது. ஒன்பது மாதத்துக்கு முன்பு, மாலை ஆறு பத்துக்கு, மூடிய ரயில் கேட்டின் முன்னால் அண்ணன் காரை நிறுத்திக்கொண்டு நின்றான். பின்னால் வந்த ஏதோ ஒன்று இடித்தது. அந்தக் காலத்து சீட்டில் தலைக்குச் சாய்மானம் கிடையாது. கழுத்து முறிந்துபோனது. இடித்தது பின்வாங்கிப் போய்விட்டது, என்ன வண்டி என்று இன்றுவரை தெரியாது. "காருக்குப் பின்னாடி லைட் எரியலம்மா," என்றார் கேட்கீப்பர். "வந்த வண்டிலயும் லைட் இல்ல. சத்தம் மட்டும்தான் வந்துச்சு." போலீஸ்காரர் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்.

முதல் வாக்கியம்தான் அவளுக்கு உரியது. அதற்கு நாலு நாள் முன்பு பிரேக் பல்பை மாற்றியவள் அவள். அண்ணன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எரியுதான்னு பாத்துச் சொல்லு பல்பு," என்றான். அவளுக்கு அவன் வைத்த பெயர் அது. ஊரே பல்பு வாங்கும், நீ மட்டும்தான் மாட்டுற என்று கேலி செய்வான். அவள் காருக்குப் பின்னால்தான் நின்றாள். போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எரியுது, எரியுது," என்றாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணி மட்டும் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை, "நீ மாட்டின பல்புதானே அது?" என்று கேட்டாள். அதோடு பல்பு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

சமையலறைப் பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. பின்சுவரின் மூலையில் இருந்த கதவு அது. அண்ணி ஒரு கையில் டீயோடு, மறு கையால் இடுப்புவரை நீண்ட பின்னலின் நுனியில் ரப்பரைச் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"இருட்டுல என்ன பண்ற, பூனை மாதிரி?"

"டெஸ்ட் பண்றேன் அண்ணி."

"நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போகலாமா? லைசென்ஸ் வந்து ஒரு வாரமாச்சு. பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலே போச்சு."

"அந்த ரோட்டுலயா?"

"வேற எந்த ரோடு இருக்கு வேலைக்குப் போக? எல்லாரும் வித்துடு வித்துடுன்னு உயிரை எடுக்குறாங்க. வித்தா தோத்த மாதிரி. நான் ஓட்டத்தான் போறேன்." அண்ணி டீயை மேசையில் வைத்தாள். கிளம்பியவள் கதவருகே நின்றாள். "முடிஞ்சதும் கூப்பிடு. நான் பின்னாடி நின்னு பாத்துச் சொல்றேன். அவரு உன்னைத்தானே நிக்க வைப்பாரு... என்ன பல்பு?"

ஒன்பது மாதம் கழித்து அந்தப் பெயர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், அதற்குள் அண்ணி போய்க் கதவு சாத்திக்கொண்டது.

விளக்கை மறுபடி காரில் பொருத்தி, முனைகளை வைத்தாள். கதவு மூடியிருந்தது. சாக்கைக் காலால் தள்ளி இடுக்கை அடைத்தாயிற்று. புள்ளி ஒன்பது.

இப்போதுதான் வலது விளக்கைச் சோதிக்கத் தோன்றியது. அதில் புள்ளி மூன்று. இடதில் ஒன்று. வலதில் புள்ளி நான்கு. அவள் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து ஒயரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். டீ ஆறி ஆடை படிந்தது. அண்ணி வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, குழாய் நின்றது, ரேடியோ பேசியது, நின்றது. இடது பக்கம் மெதுவாகவும் வலது பக்கம் வேகமாகவும் ஏறின. ஐந்தரை மணிக்கு இரண்டும் சமமாயின.

ரயில் கேட்டுக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. வளைவில் வருகிற வண்டியின் வெளிச்சம் முன்னே நிற்கும் காரின் ஒரு பக்கத்தில்தான் முதலில் படும். வண்டி நேராகத் திரும்பிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகப் படும்.

அவள் எழுந்து பின்சுவரிடம் போனாள். இருட்டில் கையை நீட்டித் தடவினாள். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது. இடுப்பு உயரத்தில் ஓரிடம் மட்டும் சூடு. கையை நகர்த்தினாள். சில்லிப்பு, சில்லிப்பு, மறுபடி சூடு. இரண்டு இடங்கள், இரண்டுக்கும் இடையே ஒரு லாரியின் அகலம். காதை வைத்தாள். உள்ளே வெகு தொலைவில் ஏதோ ஒன்று கியர் மாற்றாமல், வேகம் குறைக்காமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

மேசைமேல் தகர மூடியில் கிடந்த வாஷர்கள் கிணுகிணுத்தன.

பயம் வந்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடலாம். அண்ணியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக் காரை விற்கச் சொல்லலாம். விற்றால் வேறு யாரோ ஓட்டுவார்கள். விற்காவிட்டால் நாளைக்கே அண்ணி அந்த ரோட்டில் போவாள், ஆறு பத்துக்குத் திரும்பி வருவாள், கேட் மூடியிருக்கும். இது பின்னால் வரும்.

பயத்துக்குப் பின்னால் கோபம் வந்தது. கோபம்தான் பெரிதாக இருந்தது.

"அன்னைக்கு லைட் எரியலன்னு சாக்கு," என்றாள் சுவரைப் பார்த்து. குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "இன்னைக்கு எரியும். வந்து பாரு."

ஒயர்களைச் சேர்த்தாள். டிக்கியை மூடினாள். முன்பக்கம் போய் பேட்டரிக் கவ்வியைப் போட்டு முறுக்கினாள். கை வழுக்கி ஸ்பேனர் கீழே விழுந்து எங்கோ உருண்டது. தேடவில்லை. இனி மீட்டர் கிடையாது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்ல எதுவும் கிடையாது. அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். போனைப் பார்த்தாள். ஆறு எட்டு.

பிரேக்கை மிதித்தாள்.

ஷெட் முழுவதும் சிவந்தது. கண்ணாடியில் பின்சுவர் தெரிந்தது. பழைய விரிசல், ஒரு ஆணி, அதில் தொங்கும் டியூப். வெறும் சுவர். விளக்கு ஒரு திட்டு இல்லாமல் எரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். வேலை சுத்தம் என்று தன்னையே பாராட்டிக்கொண்டு காலை எடுத்தாள்.

இருட்டு.

சத்தம் இப்போது சுவருக்குள் இல்லை.

டீசல் வாடை. கருகிய ரப்பர். கார் லேசாக அதிர்ந்தது. கழுத்தின் பின்னால், சாய்மானம் இல்லாத இடத்தில், சூடு.

மிதித்தாள்.

கண்ணாடியில் சுவர் இல்லை. விரிசல் இல்லை. ஆணி இல்லை. கண்ணாடி நிறைய ஒரு வண்டியின் முகம். துருப்பிடித்த கம்பி வரிகள். இரண்டு பக்கமும் கண்ணாடியில்லாத விளக்குக் குழிகள். பம்பரில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. இந்தக் காரின் நீலம். காருக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் இருந்தது.

நின்றிருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காலை ஒரு நூல் தளர்த்தினாள். விளக்கு சிமிட்டியது. கம்பி வரிகள் ஒரு சாண் முன்னால் வந்தன. அழுத்தினாள். நின்றது.

அவ்வளவுதானா. எரிந்தால் நிற்கும். அப்படியானால் எரியும். ஐம்பது மணி நேரம். கால் மரத்தாலும் சரி. "நில்லு," என்றாள். "அங்கேயே நில்லு."

மூலைக் கதவு திறந்தது.

"சாக்கையும் மீறிக் கதவிடுக்குல சிவப்பா தெரிஞ்சுது," என்றது அண்ணியின் குரல். "முடிச்சிட்டியா? கூப்பிடுன்னேன்ல."

"வராதீங்க. அண்ணி, உள்ள போங்க."

"இரு, பாத்துச் சொல்றேன்." செருப்புச் சத்தம். அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொடுத்தபடி, நேராக நடந்து வந்து காருக்குப் பின்னால் நின்றாள். அந்த இடத்தில். விளக்கை மட்டும் பார்த்தாள், தனக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. முகமெல்லாம் சிவப்பு. சிரிப்பு. "எரியுது பல்பு. ரெண்டு பக்கமும் அப்படி எரியுது. யப்பா, கண்ணு கூசுது. போதும், காலை எடு."

"எடுக்க மாட்டேன்."

"என்ன?"

"எடுக்க மாட்டேன் அண்ணி. திரும்பிப் பாக்காதீங்க. அப்படியே என் பக்கம் வாங்க."

அண்ணி ஓரடி எடுத்து வைத்தாள். நின்றாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"இரு. பின்னல் எதுலயோ மாட்டிக்கிச்சு."

கண்ணாடியில் தெரிந்தது. பின்னல் கம்பி வரிகளுக்குள் போயிருந்தது. அண்ணி இழுத்தாள். வரவில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை, மெதுவாக, இழுபட்டது. அண்ணியின் முகவாய் உயர்ந்தது.

அவள் இரண்டு காலையும் பிரேக்கின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அண்ணி. எரியுதா? எரியுதான்னு சொல்லிட்டே இருங்க. நான் விட மாட்டேன்."

"எரியுது," என்றாள் அண்ணி. முகவாய் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "எரியுது." இன்னும் கொஞ்சம். இப்போது அவள் முகம் முழுவதும் கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது, கழுத்து மட்டும் விளக்கின் பக்கம். சிவப்பில் அந்தக் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. உதடுகள் நிற்காமல், விளக்கைப் பார்க்காமலே, சொல்லிக்கொண்டிருந்தன.

"எரியுது, எரியுது."