பின்னிருக்கையிலிருந்து ஒரு சத்தம்

காலை வேளையில் திருச்சி சாலையில் போகும் ஒவ்வொரு காரிலும் ஒரு குடும்பம் இருந்தது. எந்தக் குடும்பத்திலும் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை. புதுக் கார் வாங்கியவர்கள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முதல் விஷயமே அதுதான்.

அதற்கு மௌனவளையம் என்று பெயர். ஒவ்வோர் இருக்கையைச் சுற்றியும் ஒரு வளையம். அப்பா அலுவலகத்தோடு பேசுவார், அம்மா தன் பாட்டைக் கேட்பாள், காரைக் கார் ஓட்டிக்கொள்ளும். சூட்சுமம் எளியது. சத்தம் என்பது காற்றில் எழும் ஒரு மேடு. அதே அளவில் ஒரு பள்ளத்தைக் கார் உண்டாக்கி அதோடு சேர்த்துவிடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதளம். அந்தப் பள்ளத்துக்கு மாற்றொலி என்று பெயர் வைத்திருந்தார்கள். வளையத்தையும் மீறி ஏதாவது சத்தம் தொந்தரவு செய்தால் வாயைத் திறக்கவேண்டியதுகூட இல்லை, முகம் சுளித்தால் போதும். "நீக்கிவிடட்டுமா?" என்று கார் கேட்கும். தலையை ஆட்டினால் அந்தச் சத்தம் அதற்குப் பிறகு எந்த நாளும் வராது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதெல்லாம் வேறு காலத்துப் பழமொழி.

அப்படிப்பட்ட ஊரில் நிகிலனின் காருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் புறம் யாரோ பேசுவது போல ஒரு முனகல். 'ம்ப்... ம்ப்...' என்று விட்டு விட்டு வரும், பிறகு கொஞ்சம் நீளமாக இழுக்கும், அப்புறம் நின்றுவிடும்.

அவன் மகள் செவ்வந்தி ஆடி மாதம் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் திருச்சி சாலையில்தான் இருந்தது. அதனால் அவள் போன பிறகு நிகிலன் அந்தப் பக்கமே தலை வைக்காமல் புறவழிச் சாலையைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனான். கார்த்திகையில் புறவழிச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். எந்த நூற்றாண்டானால் என்ன, போட்ட சாலையைத் தோண்டும் வழக்கம் மட்டும் மாறுவதில்லை. வேறு வழியில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பினான். திரும்பிய அன்றே சத்தமும் வந்தது.

அவன் மனைவி தன்யா ஆடிக்குப் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து மகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் அந்தக் காலத்துக் கைப்பேசிகள் படம் எடுக்கும்போதே சுற்றுச் சத்தத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, பொருத்தமாக ஓர் இசையைச் சேர்த்துவிடும். செவ்வந்தி ஓடுகிறாள், கேக் வெட்டுகிறாள், வாயசைக்கிறாள். பின்னால் புல்லாங்குழல் வாசிக்கிறது.

"ஏனுங்க, சும்மா பேசறது ஒண்ணுகூட இல்லீங்களே," என்பாள் தன்யா. "ஒரே ஒரு தடவ கேட்டாப் போதுங்க. அவ கொரலு எனக்கு மறந்துட்டே வருது."

நிகிலனுக்கு அது எப்போதோ மறந்துவிட்டிருந்தது. அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை.

சத்தத்தைப் பற்றி முதலில் காரையே கேட்டான். "என்னிடம் பழுது எதுவும் இல்லை," என்றது கார். டிக்கியைக் காலி செய்து பார்த்தான். மறுநாளும் அந்த முனகல் வந்தது. நிம்மதியாக அழக்கூட முடியாமல் பின்னால் ஒன்று முனகிக்கொண்டே வந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான்.

அங்கே இருந்த பொறியாளர் பெயர் ஜெசிந்தா. காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரை அமுக்கி, டிக்கிக் கதவைத் தட்டி, எல்லாம் பார்த்தாள்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க சார். எல்லா ரோட்டுலயும் வருதுங்களா?"

"இல்ல. ஸ்கூல் ரோட்டுல மட்டுந்தான். காலைல மட்டும்."

ஜெசிந்தா அவனை வியப்போடு பார்த்தாள். மறுநாள் காலையில் தானே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் பக்கத்தில் செவ்வந்தியின் சின்ன இருக்கை, பெல்ட் மாட்டியபடியே இருந்தது. அதைக் கழற்ற நிகிலனுக்கு இன்னும் கை வரவில்லை.

சிங்காநல்லூர் குளத்தருகே சிக்னலில் கார் நின்றது. நின்ற காரில் சத்தம் வந்தது. 'ம்ப்... ம்ப்...'

"சக்கரமே சுத்தல. பின்ன எதுங்க சார் சத்தம் போடுது?" என்றபடி ஜெசிந்தா குனிந்து, சின்ன இருக்கையின் தலைப்பக்கத்தில் காதை வைத்தாள். அடுத்த நாளும் அங்கேயே வைத்துக் கேட்டாள். அப்புறம் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, தன் கருவியை அந்த இருக்கையில் பொருத்திப் பார்த்தாள்.

"இந்த சீட்டுல யாருங்க வருவாங்க?"

"யாருமில்ல."

"பெல்ட் மாட்டியிருந்தா ஆள் இருக்குதுன்னுதான் வண்டி நெனச்சுக்கும். இது மாற்றொலிங்க சார். ஒரு கொரல அடிக்கறதுக்குப் போட்டது. கொரல் வந்தப்பறம் போட்டா லேட்டாயிரும். அதனால எந்த எடத்துல, எப்பன்னு வண்டி முன்கூட்டியே படிச்சு வெச்சுக்கும். எடம் வந்ததும் இது போட்டுருது. ஆனா கொரல் வரல." அவள் கையை விரித்தாள். "மேடு போயிருச்சு. பள்ளம் மட்டும் நிக்குது."

"கார்கிட்ட கேட்டேனே. ஒண்ணுமில்லன்னுச்சு."

"தான் போடற சத்தம் யாருக்குங்க சார் சத்தமாத் தெரியுது?"

"இத யாரு நீக்கச் சொன்னது?"

"முன் சீட்டுலருந்துதான் சொல்லியிருக்குங்க."

நிகிலனுக்கு மங்கலாக நினைவு வந்தது. ஏதோ ஒரு திங்கட்கிழமை. முக்கியமான கூட்டம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஏதோ சத்தம். டிக்கிக் கதவு ஆடுகிறதென்று நினைத்துக்கொண்டான். முகம் சுளித்தான், கார் கேட்டது, தலையை ஆட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஒன்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. கழுத்தும் கண்ணும் சும்மாதான் இருந்தன.

"கொரலோட தடிச்ச பாகத்த மட்டுந்தான் மாற்றொலி அடிக்கும். மெல்லிசு பூரா சீட்டுப் பஞ்சுலயே அமுங்கிரும். அதனாலதான் மொனகலாக் கேக்குது. அந்தக் கொரலோட முழு அச்சும் வண்டியில பதிஞ்சு இருக்குங்க. போடட்டுங்களா?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்பா... அப்பா... அப்பா, அங்க பாருப்பா!"

நிகிலன் முன்னிருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். சளி பிடித்தது போல லேசாகக் கரகரக்கும் அந்தக் குரல். மறந்துபோனதெல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தது.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க சார். ஒரு தடவ சொன்னத வண்டி படிக்காது. தெனமும் இங்க வந்ததும் இதையேதான் சொல்லியிருக்கோணும். என்னன்னு யாரும் கேக்கலைன்னா கொழந்தைங்க அதோட விட்டுருமுங்க..." சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கி, வெளியே போய் நின்றாள்.

சத்தத்தை எடுத்துவிடட்டுமா என்று பிறகு அவள் கேட்டபோது, எடுக்க வேண்டாம், முழுக்குரலாகவே வரட்டும் என்றான் நிகிலன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். தான் தலையாட்டியதையும் மறைக்கவில்லை. தன்யா திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அப்படியாவது கொஞ்சம் பாரம் இறங்கும் என்று நினைத்தான். அவளோ, "எப்பப் போலாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் அவள் பின்னால் ஏறி, சின்ன இருக்கையின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிகிலன் இரண்டு வளையங்களையும் அணைத்தான். குளம் வந்தது. சிக்னலில் கார் நின்றது.

"அப்பா... அப்பா... அப்பா, அங்க பாருப்பா!"

"கூப்புடறாளுங்க!" தன்யா முன்னால் எட்டி அவன் தோளை உலுக்கினாள். "என்னன்னு கேளுங்க. ஐயோ, என்னன்னு கேளுங்களேன்!"

"என்ன கண்ணு?" என்றான் நிகிலன். "என்னடா சாமி?"

பதில் இல்லை. அவனே ஜன்னல் வழியாகப் பார்த்தான். தண்ணீர், ஆகாயத்தாமரை, கம்பத்தின்மேல் ஒரு பறவை, கரையில் கவிழ்ந்து கிடந்த படகு, அதற்கப்பால் தென்னைகள். இதில் எதைக் காட்டினாள்? தினமும் இந்த வழியாகப் போனவன்தான். அவனுக்குத் தெரியவில்லை.

"எதப் பாக்கச் சொன்னா?"

"தெரியலம்மா."

ஆடியில் அழாத அழுகையையெல்லாம் தன்யா வாய்விட்டு அழுதாள். அதைக் கேட்டு நிகிலனின் முகமும் கோணியது. காருக்குத் தெரிந்ததெல்லாம் முகச்சுளிப்பு ஒன்றுதான்.

"பின்னிருக்கையிலிருந்து புதிய சத்தம் வருகிறது," என்றது பணிவாக. "நீக்கிவிடட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே திரும்பினான். திரும்பிய கண்ணில் பக்கத்தில் நின்ற கார் பட்டது. அதன் பின்னிருக்கையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று, கண்ணாடியில் விரலைக் குத்திக் குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய் ஒரே மாதிரி திறந்து திறந்து மூடியது. முன்னால் இருந்தவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

நிகிலன் கண்ணாடியை இறக்கினான். பாதி உடம்பை வெளியே நீட்டி, அந்தக் காரின் கதவைப் படபடவென்று தட்டினான்.

"சார்! சார்! பின்னால திரும்பிப் பாருங்க! பாப்பா கூப்புடுது சார்!"

அந்த மனிதர் முகம் சுளித்தார். பிறகு, திரும்பாமலே, தலையை ஆட்டினார்.