இரண்டு சிவப்புக் காய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக உலக வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் நடைபெறும். கேரம் இறுதிப் போட்டி! வெல்பவருக்குப் பொற்கோப்பை!

அறிவிப்புப் பலகையில் இப்படித்தான் ஒட்டியிருந்தது. எழுதியவர் குடியிருப்புச் சங்கத் தலைவர். இறுதிப் போட்டியில் ஆடப்போகிறவரும் அவரே. கோப்பையை வழங்கப்போகிறவரும் அவரே. தனக்குத் தானே கைகொடுப்பது எப்படி என்று கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அவரை எதிர்த்து ஆடப்போகிறவள் இரண்டாம் மாடிக் குண்டூசி. ஆறாம் வகுப்பு. ஆள் சின்னவள், குறி தப்பாது. அதனால் அந்தப் பெயர்.

குண்டூசிக்கு வலிப்பு நோய் உண்டு. காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறாள். போன வாரம் டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்.

சனிக்கிழமை காலை அவள் கேரம் பழக உட்கார்ந்தாள். பலகையின் நடுவே இரண்டு சிவப்புக் காய் இருந்தன. வலது பக்கத்துக் காயைப் பார்த்து அடித்தாள். ஸ்ட்ரைக்கர் அதன் வழியாகவே புகுந்து போய்விட்டது. நிமிர்ந்தாள்.

"அம்மா, தம்பி ரெண்டா தெரியறான்!"

"ஒருத்தனையே என்னால சமாளிக்க முடியல," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"அளவு கூடினா சிலருக்கு இப்படி ஆகும். நல்லவேளை சொன்னீங்க," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, பார்த்து மாத்தித் தரேன். அதுவரைக்கும் சைக்கிள் வேண்டாம். படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சுக்கட்டும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

"கேரம் ஆடலாமான்னு கேளும்மா!"

"தாராளமா!" என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

மதியத்துக்குள் தம்பி மறுபடி ஒருவனாகிவிட்டான். யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாளாகவே காலையில் இப்படித்தான், அவள்தான் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டாள். காலை மாத்திரைக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் இந்தத் தொல்லை. ஆனால் போட்டி காலையில்தானே!

தம்பி காதில் கிசுகிசுத்தான். "அக்கா, நாளைக்கு மட்டும் மாத்திரையை மேட்ச் முடிஞ்சப்புறம் போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"என் மூளைக்குத் தெரியும்டா. போன தடவை மறந்தப்போ என்ன ஆச்சு?"

தம்பியே நாளைக் காலை மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அன்று பள்ளி வேனில் அவளுக்கு வலிப்பு வந்தபோது, தன் ஸ்வெட்டரைச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தவன் அவன்தான்.

குண்டூசி நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, மேட்சை மத்தியானம் வெச்சுக்கலாமா? காலையில மாத்திரையால எனக்கு எல்லாம் ரெண்டா தெரியுது."

"அறிவிப்பு ஒட்டியாச்சே பாப்பா. லிஃப்ட்லகூட ஒட்டியாச்சு. பசையும் காய்ஞ்சுபோச்சு."

பசை காய்ந்த பிறகு உலகத்தில் எதையும் மாற்ற முடியாது என்பது தலைவரின் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை குண்டூசி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எதிரே இரண்டு தலைவர்கள். இரண்டு மீசைகள். இரண்டும் ஒரே நேரத்தில் முறுக்கப்பட்டன. நடுவர், கீழ்வீட்டுத் தையல்கார அத்தை.

குண்டூசி அடித்தாள், தவறியது. மறுபடி அடித்தாள், மறுபடியும் தவறியது. தலைவர் காய்களை வரிசையாகக் குழிக்குள் தள்ளினார்.

"சாம்பியன் பவுடர் போடற அழகைப் பாருங்க!" என்று டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். வெள்ளை மேகம் ஒன்று கிளம்பியது. அதில் பாதி குண்டூசியின் இடது கண்ணில் இறங்கியது.

"ஆ!" என்று அந்தக் கண்ணை மூடினாள்.

இரண்டு சிவப்புக் காய் ஒன்றாகிவிட்டது.

ஓடிப்போய்க் கண்ணைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இரண்டு காய். ஒரு கண்ணைப் பொத்தினாள். ஒரே காய்!

"அத்தை, ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடலாமா?"

"ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும்னு விதி ஒண்ணும் இல்லையே," என்றாள் அத்தை. தலைவரை ஒரு பார்வை பார்த்தாள். "வாய் மூடியிருக்கணும்னு ஒரு விதி போட்டிருக்கலாம்."

தம்பி கைக்குட்டையைக் கட்டிவிட்டான். டக். ஒரு காய் விழுந்தது. டக். இன்னொன்று. வேடிக்கை பார்த்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள்.

தலைவரின் மீசை தளர்ந்தது. பிறகு திடீரென்று நிமிர்ந்தது.

"ஓகோ! ஒத்தைக்கண் முறையா? வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் ஆடறாங்க. எனக்கு எப்பவோ தெரியும்!" என்று தன் கைக்குட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ மாமா, உங்களுக்கு வேண்டாம்! எனக்கு ரெண்டா தெரியறதாலதான்..."

"யாருகிட்ட? சாம்பியனுக்கே பாடமா?"

மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது. தலைவர் அடித்தார். காய்கள் அசையவில்லை. ஸ்ட்ரைக்கர் மட்டும் குழிக்குள் போய் உட்கார்ந்தது. அடுத்த அடியில் குண்டூசியின் காயையே உள்ளே தள்ளிக் கொடுத்தார்.

"மாமா, அதை அவுத்துட்டு நல்லா ஆடுங்க. ஜெயிச்சா நான் ஒழுங்கா ஜெயிக்கணும்," என்றாள் குண்டூசி, கெஞ்சாத குறையாக.

"முடியாது!" என்றார் தலைவர், தூணைப் பார்த்து.

குண்டூசி மூச்சை அடக்கிச் சிவப்பைக் குறிவைத்தாள். விழுந்தது. மிச்சமிருந்த கடைசிக் காயும் அதன் பின்னாலேயே விழுந்தது.

தலைவர் நீண்ட உரை ஆற்றினார். கட்டு இன்னும் கண்ணில் இருந்ததால், கோப்பையை அவளுக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் விட்டார். தம்பி பாய்ந்து பிடித்தான்.

திங்கட்கிழமை டாக்டர் ஒரு நாள் மாத்திரையை மூன்று வேளைக்குப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும்படி மாற்றிக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் காலையிலும் தம்பி ஒருவனாகவே தெரிந்தான். அம்மா டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது: "ஒற்றைக்கண் கேரம் பயிற்சி. தலைவர் நேரில் கற்றுத் தருகிறார். கைக்குட்டை கொண்டு வரவும்."

பொற்கோப்பையில் தம்பி தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒழுகியது.