மொட்டை மாடியில் ஒரு கௌபாய்

செல்போன் அலறியது!

ஸ்டான்லி பாய்ந்து எடுத்தான்.

எதிர்முனையில் ஏகாம்பரம். புத்தலப்பட்டு மாந்தோப்பில் கௌபாய் துப்பாக்கி கிளப் நடத்துகிறவர்.

"வசனம் மனப்பாடம் ஆச்சாப்பா?"

"ஆய்க்கினே இருக்குதுண்ணா..."

"இன்னிக்கி உனக்கு மொத மேட்ச்! வசனம் சொல்லாம துப்பாக்கியத் தொட முடியாது. போன வாரம் மாதிரி வாயப் பொளந்துக்கினு நின்னே... உன் எடம் வேற ஆளுக்கு!"



வாரம் முழுக்கக் கம்பெனியில் நட்டு முடுக்குகிறவன். லீவு நாளில்தான் அவன் கௌபாய். தோப்பில் இரும்புத் தட்டுகள் வில்லன்களாக நிற்கும். முதலில் உரக்க வசனம். அப்புறம் காற்றுத் துப்பாக்கியால்... டங்! டங்!

அந்தச் சத்தத்துக்காகவே உயிரோடு இருந்தான்.

"லைன்லயே இருண்ணா. சொல்லிக் காட்டறேன்."

"இந்தா! இங்க கத்தாதே," சமையலறையிலிருந்து மனைவி கேசியா சீறினாள். "பாப்பா தூங்குது. மாடிக்குப் போய் மாடு மேய்!"

தொப்பி, பூட்ஸ், இடுப்பில் தோல் உறையோடு மொட்டை மாடி ஏறினான்.

திருப்பதி வெயில் சுட்டது.

மாடியில் ஒற்றை அறை. புதிதாகக் குடிவந்த லோகேஸ்வரன் உள்ளே இருந்தான். கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவையே வில்லனாக நினைத்துக்கொண்டு கர்ஜித்தான் ஸ்டான்லி.

"நகையக் கொள்ளையடிச்ச நாயே! சுத்தி வளைச்சாச்சு! கையத் தூக்கிக்கினு வெளிய வா!"

பிரமாதம்! ஒரு சொல்கூடத் தப்பவில்லை!

கதவு திறந்தது.

லோகேஸ்வரன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோளிலிருந்து பை விழுந்தது... தங்கச் சங்கிலிகள் சிதறின! தெலுங்கும் தமிழுமாக அலறினான்.

"கால்ச்சொத்து சார்! சுடாதீங்க! சித்தூர் நகைக்கடையில அடிச்சது... நான்தான்!"

ஸ்டான்லியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

உறை காலி!

துப்பாக்கியைத் தோப்பில்தானே கொடுப்பார்கள்!

லோகேஸ்வரனும் பார்த்துவிட்டான். அவன் கையில் கத்தி முளைத்தது.

"டேய்... தொப்பியப் போட்டுக்கினு என்னையே ஏமாத்தறியா?"

ஸ்டான்லி பின்வாங்கினான். முதுகில் கைப்பிடிச் சுவர் இடித்தது. போனில் அலறினான்.

"அண்ணா! அடுத்த வசனம் என்னாண்ணா?"

"அடுத்தது கெடையாதுப்பா... சுடணும்!"

கத்தி உயர்ந்தது...

டங்ங்ங்!

லோகேஸ்வரன் குப்புற விழுந்தான்.

பின்னால் கேசியா. கையில் தோசைக்கல்!

"பாப்பா தூங்குதுன்னேன்ல? ரெண்டு பேருக்குமாத்தான் சொன்னேன்!"

போலீஸ் வந்து லோகேஸ்வரனை அள்ளிக்கொண்டு போனது. போனில் ஏகாம்பரம் இன்னும் இருந்தார்.

"அது என்னாப்பா சத்தம்?"

"எம் பொண்டாட்டிண்ணா... திருடன தோசைக்கல்லால ஒரே அடி!"



"தம்பி... தப்பா எடுத்துக்காதே. இருக்கறது ஒரே எடம். அத அந்தம்மாவுக்கே குடுத்துட்டேன். எங்காளுங்க சொந்தப் பேர்ல ஆட மாட்டாங்க. கௌபாய் பேரு ஒண்ணு கேட்டுச் சொல்லு."

ஸ்டான்லி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

கேசியா போனைப் பிடுங்கினாள்.

"தோசைக்கல் ராணின்னு எழுதிக்கோங்கண்ணா! தொப்பி மட்டும் வேணாம்... இவரு மாடியில துணி காயப்போட வெயிலுக்கு ஆவும்!"