ரெண்டு கிளாம்ப்... ஒரு மரணம்!

அவள் தூங்கிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தாள்.

கன்னத்தில் ரோஜா நிறம். உதட்டிலும் அதே நிறம். போர்வை கலையவில்லை.

மூச்சு மட்டும் இல்லை!

"ஜெனரேட்டர் புகைம்மா..." என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். உங்க பொண்ணுக்கு வலியே தெரிஞ்சிருக்காது."

கட்டிலருகே நின்ற அம்மா அழவில்லை.

துறைமுகத்தில் அவளுக்கு 'ஸ்பானரம்மா' என்று பெயர். படகு ரிப்பேர் ஷெட் நடத்துகிறவள். புருஷன் போன பிறகு ஒற்றை மகளை அந்த ஷெட்டில்தான் வளர்த்தாள். இந்தப் படகும் மகளின் கல்யாணத்துக்கு அவள் கொடுத்த பரிசுதான்.

கேட்டமரான்! பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒல்லியான உடல்கள். அவற்றுக்குள் கேபின்கள். நடுவில் இரண்டையும் சேர்த்து ஒரு ஹால். மேலே வெள்ளைப் பாய். மகளும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஓட்டினார்கள்.

ஓட்டியது மகள். 'கேப்டன்' என்று தொப்பி போட்டுக்கொண்டது மாப்பிள்ளை.

அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவன் இப்போது ஹாலில் குலுங்கினான்.

"டீசல் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன் அத்தை... திரும்பி வந்து பார்த்தா... ஐயோ!"

"அழாதீங்க மாப்பிள்ளை."

அம்மாவின் கண் அவன் மேல் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஜெனரேட்டரின் புகைக்குழாய் அந்த வழியாகத்தான் படகின் பின்பக்கம் போகிறது. அதன் ரப்பர் ஹோஸ் இணைப்பிலிருந்து நழுவித் தொங்கியது. அதை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையங்களான கிளாம்ப்கள் இரண்டும் தளர்ந்திருந்தன.

"இன்ஸ்பெக்டர் சார்... இது தானா கழலலை."

"அதிர்வுல கழண்டிருக்கும்னு எங்க நிபுணர் சொல்றாரும்மா."

"ஒரு கிளாம்ப் கழலும். அதுக்காகத்தானே எப்பவும் ரெண்டு போடறோம்? ரெண்டு ஸ்குருவும் ஒரே அளவுக்குப் பின்னால திருகியிருக்கு, பாருங்க!"

"விஷவாயு வந்தா அடிக்கிற அலாரத்தோட ஃப்யூஸும் போயிருக்கே..."

"போகலை சார். எடுத்திருக்காங்க. போன ஃப்யூஸ் கருகிப்போய் அங்கயே இருக்கும். இங்க ஃப்யூஸையே காணோம்!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. கோர்ட்டுக்குப் புரியணுமே! உங்க பொண்ணு ரிப்பேர் வேலை தெரிஞ்சவ. அவளே கழட்டிட்டு மறந்துட்டான்னு வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவான். மாப்பிள்ளை கரையில இருந்ததுக்கு சாட்சி வேற இருக்கு. அவனா வாயைத் திறந்து ஒத்துக்கிட்டாத்தான் உண்டு."

அம்மா மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தாள் மகள். 'அவன் கை நீட்டறாம்மா. இனிமே முடியாது. படகை எடுத்துக்கிட்டு நம்ம ஷெட்டுக்கே வந்துடறேன்.' 'கிளம்பி வா கண்ணு... அம்மா இருக்கேன்ல' என்று சொல்லியிருந்தாள் இவள்.

"ஒத்துக்குவான் சார்," என்றாள் அம்மா.

குரல் அவளுடையதாகவே இல்லை!

* * *

சில மாதங்கள் ஓடின. ஷெட்டில் போன் அலறியது.

"அத்தை... நான்தான். படகை வித்துடலாம்னு இருக்கேன். அதைப் பார்த்தாலே அவ ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்குது..."

"பாவம் மாப்பிள்ளை நீங்க."

"வாங்கறவர் உங்களைத்தான் நம்பறார். ஸ்பானரம்மா பார்த்து, கடல்ல ஓட்டிக் காட்டி, சரின்னு சொன்னாத்தான் வாங்குவாராம். சங்கடமா இருக்கும்னு தெரியும்..."

"என்ன சங்கடம்? நம்ம வீட்டுப் படகு! கொண்டாந்து விடுங்க."

அவள் குரலில் தேன் வழிந்தது. கையிலிருந்த ஸ்பானர் மேஜையில் 'டங்'கென்று இறங்கியது!

படகு வந்தது. அம்மா ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினாள். உடலின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, இறுகிப் போனதை மாற்றினாள். அடுப்பு கேஸ் சிலிண்டர் பெட்டியின் வடிகால் துளையில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. குத்திவிட்டாள். கேஸ் கசிந்தால் அது கடல் பக்கம்தான் இறங்க வேண்டும், படகுக்குள் அல்ல.

பிறகு, மகள் இறந்துகிடந்த இடது பக்க கேபின்.

அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் முனகியது. வடிகட்டியைக் கழற்றினாள்.

உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு கொத்துத் தலைமுடி. நீளமாக. கறுப்பாக.

மகளுடையது.

அங்கேயே, அந்த எண்ணெய்த் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்தாள்.

ஸ்குரு டிரைவரை எடுத்தாள்.

கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்... புகைக்குழாய் இருக்கும் இடத்துக்கு!

* * *

நல்ல வெயில். நல்ல காற்று. பாய் உப்பி நின்றது.

கரை ஒரு கோடாகத் தேய்ந்ததும் அம்மா ஆட்டோ பைலட்டைப் போட்டாள். சுக்கான் சக்கரம் தானாக அசைய ஆரம்பித்தது.

"பிரமாதம் அத்தை! பறக்குதே!" மாப்பிள்ளை தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"இடது கேபின் பில்ஜ் பம்ப் நிக்காம ஓடுது மாப்பிள்ளை. உள்ள தண்ணி ஏறுதான்னு கொஞ்சம் பார்த்துட்டு வாங்களேன். நான் பாயைப் பார்த்துக்கறேன்."

அவன் படியிறங்கினான். அந்த கேபின் வாசலில் ஒரு கணம் தயங்கினான். உள்ளே போனான். தரைப்பலகையைத் தூக்கிக் குனிந்தான்.

காய்ந்து கிடந்தது!

"தண்ணியே இல்லையே அத்தை..."

டப்!

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நொடி சுவருக்கு அப்பால் ஒரு உறுமல்...

ஜெனரேட்டர்!

மாப்பிள்ளை விருட்டென்று நிமிர்ந்தான்.

"அத்தை! எதுக்கு ஜெனரேட்டர்?"

"டெஸ்ட் பண்றேன் மாப்பிள்ளை." கதவுக்கு வெளியே நிதானமான குரல். "எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துத்தானே சொல்லணும்?"

"நிறுத்துங்க! அந்த ஹோஸ்... அந்தப் புகைக்குழாய்..."

"அதை என் கையாலயே பார்த்தேன். எப்படி இருக்கணுமோ, அப்படி வெச்சிருக்கேன்."

அவன் கதவின் மேல் பாய்ந்தான். தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான்.

"கதவைத் திறங்க அத்தை!"

"திறந்துக்கிட்டு வாங்களேன். யாரு வேணாம்னா?"

"என்ன விளையாட்டு இது?"

"நானா விளையாடறேன்?"

அவன் கட்டில் மேல் ஏறி, கூரையிலிருந்த கண்ணாடி ஜன்னலை உந்தினான். விரல் அளவு எழும்பி நின்றுவிட்டது. மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ அழுத்தியது.

"சின்னப் படகைக் கவுத்து அங்கதான் கட்டியிருக்கேன் மாப்பிள்ளை. கடலுக்குப் போகும்போது டெக்ல எதுவும் உருளக் கூடாதில்ல?"

பக்கச் சுவரின் தாழ்வான இடத்தில் இன்னொரு கண்ணாடி. படகு கவிழ்ந்தால் தப்பிக்கிற அவசர வழி! அதன் கைப்பிடியைப் பிடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு உடல்களுக்கும் நடுவே கடல் நுரை கக்கிக்கொண்டு ஓடியது.

"அதைத் தொடாதீங்க! படகு ஓடும்போது திறந்தா கடல் உள்ள வந்துடும். படகு மிதக்கும்... உங்களுக்குத்தான் என்னால உத்தரவாதம் தர முடியாது!"

அவன் கையை வெடுக்கென்று எடுத்தான்.

தலை சுற்றியது. நாக்கு வறண்டது. நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்தது.

ஆரம்பித்துவிட்டது! வாசனை இல்லை... நிறம் இல்லை...

சுவரிலிருந்த அலாரத்தைப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை.

"அலாரம் அடிக்கலை அத்தை!"

"அன்னிக்கும் அடிக்கலை மாப்பிள்ளை."

அவ்வளவுதான். காலடிச் சத்தம் படியேறிப் போய்விட்டது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு கையடக்க ரேடியோ தொங்கியது. பாய்ந்து பிடுங்கினான். அவசர அலைவரிசை! கடலில் இருக்கிற எல்லோர் ரேடியோவிலும் கேட்கும்.

"யாராவது காப்பாத்துங்க! என்னைக் கொல்றாங்க!"

"கடலோரக் காவல் கட்டுப்பாட்டு அறை," என்றது ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல். "என்ன ஆபத்துன்னு சொல்லுங்க. ஓவர்."

"என் மாமியார்!"

"மாமியார் ஆபத்துல இருக்காங்களா? ஓவர்."

"மாமியார்தாம்மா ஆபத்தே! கேபின்ல என்னை அடைச்சு வெச்சு விஷவாயுவை விடறா!"

"படகு இருக்கிற இடம் எங்க திரையில தெரியுது. ஆளை அனுப்பறோம். வாயு வர்றது எப்படித் தெரியுது? வாசனை வருதா? ஓவர்."

"வாசனை வராது!"

"அலாரம் அடிக்குதா?"

"அடிக்காது! அதுலயும் கை வெச்சுட்டா!"

"அப்புறம் எப்படி சார் இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? ஓவர்."

"எனக்குத் தெரியும்மா! கட்டிலுக்கு அடியில ரெண்டு கிளாம்ப்... ரெண்டையும் அதே மாதிரி தளர்த்தி விட்டிருக்கா!"

"அதே மாதிரின்னா... எது மாதிரி சார்? ஓவர்."

"நான் அன்னிக்குத் தளர்த்தின மாதிரி!"



வலை இழுத்துக்கொண்டிருந்த படகுகளில் கைகள் நின்றன. சரக்குக் கப்பல் ஒன்றில் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. துறைமுக அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்!

"யாருக்காகத் தளர்த்துனீங்க சார்? ஓவர்." அந்தப் பெண் குரலில் இப்போது இரும்பு இருந்தது.

"என் பெண்டாட்டிக்குத்தான்! படகை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்னா... தூங்கினப்புறம் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு, ஜெனரேட்டரைப் போட்டுட்டுக் கரைக்குப் போயிட்டேன்... எல்லாத்தையும் அப்புறம் சொல்றேன்! எனக்கு மூச்சு முட்டுது... சீக்கிரம் வாங்க!"

"வந்துக்கிட்டிருக்காங்க. இந்த அலைவரிசையில பேசறது எல்லாமே பதிவாகும் சார். வேற ஏதாவது சொல்லணுமா? ஓவர்."

அவன் கையிலிருந்து ரேடியோ நழுவியது.

* * *

காவல் படகு சீறிக்கொண்டு வந்து ஒட்டியது. அம்மா பாயை இறக்கி, படகை நிறுத்தி, கட்டுக்கயிற்றைத் தானே வாங்கிக் கட்டினாள்.

இன்ஸ்பெக்டர் படிகளில் தாவி இறங்கி கேபின் கதவில் கை வைத்தார். 

திறந்துகொண்டது!

உள்ளேயிருந்து மாப்பிள்ளை சரிந்து விழுந்தான். "ஆக்சிஜன்... ஆக்சிஜன்!"

கூட வந்த வீரர் வாயு அளக்கும் கருவியை கேபினுக்குள் நீட்டினார். பார்த்தார். தட்டினார். மறுபடி பார்த்தார்.

"பூஜ்யம் சார்! நம்ம ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமான காத்து கிடையாது."

கட்டில் பலகையைத் தூக்கினார்கள். புத்தம் புது ஹோஸ். இரண்டு புது கிளாம்ப்கள். ஸ்குரு டிரைவரை வைத்துத் திருகிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். இம்மி நகரவில்லை.

"அலாரத்தை நீங்களே அழுத்திப் பாருங்க," என்றாள் அம்மா.

அழுத்தினார். காது கிழிந்தது!

மாப்பிள்ளை பேய் அறைந்தவன் போல விழித்தான். "அப்போ... தலை சுத்துச்சே... மூச்சு முட்டுச்சே..."

"அதுக்குப் பேரு பயம்," என்றார் இன்ஸ்பெக்டர், அவன் கையில் விலங்கைப் பூட்டியபடி.

"அவளையும் பிடிங்க சார்! என்னைக் கொல்லப் பார்த்தா!"

அம்மா அவனருகே குனிந்தாள். இத்தனை மாதமாக உள்ளே கிடந்தது முழுக்கக் கண்ணில் எரிந்தது.

"கொல்லணும்னுதான் ஸ்குரு டிரைவரை எடுத்தேன். கையைக் கொண்டு போயிட்டேன். ஆனா செத்துட்டா உங்களுக்கு ஒரு தடவைதான் வலிக்கும் மாப்பிள்ளை. எனக்கு அது பத்தாது! தினம் விடியணும். தினம் என் பொண்ணு முகம் ஞாபகம் வரணும். தினம் மூச்சு முட்டணும்!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் அம்மா... ஒரு ஆளைப் பூட்டி வெச்சது தப்புதானே? நான் அதையும் கேட்டாகணும்."

"பூட்டா? அந்தக் கதவுல பூட்டு எங்க சார் இருக்கு?"

இன்ஸ்பெக்டர் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டு இல்லை. தாழ்ப்பாள்கூட இல்லை!

"பழைய கதவு வெளிப்பக்கமாத் திறக்கும். நடைவழியில பெட்டி, பை ஏதாவது சரிஞ்சு விழுந்தா உள்ள இருக்கிற ஆளு மாட்டிக்குவாங்க. அதான் ரிப்பேர் பண்ணும்போது பாதுகாப்புக்காக உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தினேன். இழுத்தா வந்திருக்கும். இவரு தள்ளிக்கிட்டே இருந்தாரு!"

மாப்பிள்ளை அந்தக் கதவையே வெறித்தான்.

அம்மா கீழே கிடந்த கேப்டன் தொப்பியைத் தட்டி அவன் தலையில் வைத்தாள்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை... இனிமே நீங்க போற இடத்துல தள்ளவும் வேணாம், இழுக்கவும் வேணாம். கதவைத் திறக்கிறது, மூடறது எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்குவாங்க!"