மைக் இல்லாத பதிவு

உலக இசை வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும் என்பதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பல் டாக்டர் தம் மனைவியிடம் முறைப்படி அறிவித்தார்: கிட்டாருக்கான புது டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயரைக் கணினியோடு இணைத்தாயிற்று.

"இனிமே ரீஆம்பிங்தான். காலையில வாசிச்சுப் பதிஞ்ச வெறும் சத்தம் இந்த யுஎஸ்பி ஒயர்ல ஆம்ப்புக்குப் போகும். மெருகேறி அதே ஒயர்ல திரும்பி வந்து பதிவாகும். மைக்கே கிடையாது. வெளிச்சத்தம் ஒரு சொட்டு உள்ள வராது."

"உங்க சத்தம் வெளிய வராம இருக்க ஒயர் ஏதும் இல்லையா? முதல்ல அந்த ஃபேனுக்கு எண்ணெய் விடுங்க, பேய் மாதிரி கத்துது" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அனுப்பினார். காலையில் பதிந்த கிட்டார் ஆம்ப்புக்குப் போய்த் திரும்பி வந்ததை ஹெட்ஃபோனில் கேட்டார். கிட்டாருக்குப் பின்னால், மெலிதாக, துருவேறிய எதுவோ தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி முனகிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி நிமிர்ந்தார். ஃபேன் சுற்றியது. வியர்த்த கழுத்தில் காற்றும் பட்டது. சத்தம் மட்டும் இல்லை.

அடுத்தவர் காதைத் தவிர எந்தக் காதையும் சந்தேகிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. செட்டிங்கில்தான் கோளாறு என்று தீர்மானித்து மறுபடி அனுப்பினார். இப்போது குழாய்த் தண்ணீர் விழுவதும், பாத்திரங்கள் உரசுவதும், வேலையினூடே அவள் முணுமுணுக்கிற பாட்டும், காதுமடலில் மூச்சுப் படுகிற நெருக்கத்தில் கேட்டன. கழற்றினார். வீடு பஞ்சடைத்தது போல் கிடந்தது.

சமையலறைக்கு ஓடினார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஓசையில்லாமல்.

"என்னம்மா, பேசேன்."

அவள் உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே போனது வெளியே வந்துதானே ஆகவேண்டும். அவள் குரல் ஆம்ப்புக்குள் இருக்கிறது. பதிந்ததையே திருப்பி அனுப்பினால் மீட்டுவிடலாம். மூன்றாம் முறை அழுத்தினார்.

ஹெட்ஃபோனில் அவள்.

"சாப்பிட வாங்க."

"இதோ வந்துட்டேன்மா."

அவர் குரல். அவர் வாய் திறக்கவில்லை.

யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கினார். திரையில் ஒலிக்கோடு துள்ளிக்கொண்டே போனது. நாற்காலி இழுபடும் சத்தம். தட்டு. அவள் சிரிப்பு. அவர் சிரிப்பு.

"கதவைச் சாத்திட்டு வாங்க."

"சரிம்மா."

கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

பிறகு எதுவுமில்லை.

திரும்பினார். அறை வாசலில் அவள். இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்தபடி. வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவரும் கத்தினார். அவருக்கே கேட்கவில்லை.

பதிவு வெற்றிகரமாக முடிந்ததாகத் திரையில் வந்தது.