கோடு போடாத நகல்

தகரக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

மணி காலை 8.05. ரிங்லெட் ஊரின் இணைய மையம் திறக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மையத்தை நடத்தும் வசுமதி கதவைத் தூக்கினாள். வெளியே பனியில் நனைந்த தலையோடு ஜெனட் நின்றாள். அவளுக்குப் பின்னால் மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள் புனிதா. ஜெனட்டின் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி.

"அக்கா, என் வியாபாரத்தை யாரோ சாகடிச்சுட்டாங்க," என்றாள் ஜெனட்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவள் ஜெனட். இஞ்சியும் செராய் என்ற எலுமிச்சைப் புல்லும் கலந்த தேயிலைத் தூளைப் பொட்டலம் போட்டு விற்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே மையத்தில், வசுமதியின் உதவியோடு, அரசாங்கத்தின் வணிகப் பதிவுத் தளத்தில் பதிந்துகொண்டாள். இப்போது கியா பார்ம் சந்தையின் புதிய கடைகளில் ஒன்று அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று மதியம் பன்னிரண்டுக்குள் இணையத்திலேயே நடப்பிலுள்ள பதிவைக் காட்டி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் கடை பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

வசுமதி கணினியைத் திறந்தாள். ஜெனட்டின் கணக்கில் இரண்டு புதிய வரிகள் இருந்தன.

காலை 6.35: கைப்பேசி எண் மாற்றம். ஆதாரம்: ஐசி (அடையாள அட்டை) நகல்.

காலை 6.40: வணிகத்தை நிறுத்த உரிமையாளரின் விண்ணப்பம்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் அதற்கான குறியெண் புதிய கைப்பேசிக்குத்தான் போகும். அந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரங்கள்; அந்த இரண்டும் ஜெனட்டுக்குத் தெரிந்த எந்த எண்ணிலும் இல்லை. மேலிடத்தில் புகார் செய்தால் மூன்று வேலை நாள்.

"பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"லயத்துல எல்லாருக்கும் தெரியும்க்கா. மகன் பொறந்த தேதி."

வசுமதி சிரிக்கவில்லை. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் பெயர்களைத் திரையில் ஏற்றியவள் அவள். இரண்டு பேர் சேர்ந்து வந்தால், "கூட்டு வேணாம், ரெண்டு கையெழுத்துக்கு அலையணும். ஒரு பேரு போதும்," என்று அனுப்பிவைப்பாள். அவளுடைய பெயர் மட்டும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அவள் வீட்டு அடுப்பங்கரையில் ஜெனட்டின் பொட்டலம் ஒன்று உண்டு. அச்சான பெயர் கண்ணில் படாதபடி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தேநீர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஏற்றப்பட்ட ஐசி நகலைத் திறந்தாள். கறுப்பு வெள்ளை. பளிச்சென்று இருந்தது. அதுதான் உறுத்தியது.

"கோடு எங்கே?"

ஐசி நகல் யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எதற்காக, யாருக்காக என்று நடுவில் எழுதிக் கொடுப்பது இங்குள்ளவர்கள் வழக்கம். பதிவு செய்த அன்று மத்தியானம் ஜெனட்டுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே வசுமதிதான்.

"கோடு போடாம நான் யாருக்கும் குடுத்ததில்லக்கா."

"அப்போ அசல் கார்டை வெச்சு எடுத்திருக்காங்க," என்றாள் புனிதா மெதுவாக. "வீட்டு ஆளு."

ஜெனட்டின் முகம் வெளுத்தது. தன் ஐசியை எடுத்து மேசையில் வைத்தாள். மேல் மூலை பிளந்து, ஒட்டுநாடா போட்டிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு லோரிக் கதவில் நசுங்கியதாம். வசுமதி அதைப் பார்த்தாள். திரையையும் பார்த்தாள். நகலின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. மெஷின் அழுக்கு என்று விட்டுவிட்டாள்.

மணி 9.10. வசுமதி புனிதாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, டவுனில் இருக்கும் லத்தீஃபாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். கியா பார்ம் பட்டியலில் அடுத்த பெயர் லத்தீஃபாதான். ஜெனட்டிடம் தூள் வாங்குபவள் என்பதால் அவளிடமும் ஒரு நகல் உண்டு.

லத்தீஃபா கோபப்படவில்லை. ரொட்டி மாவைத் தட்டியபடியே கோப்பை எடுத்துவரச் சொன்னாள். நகலில் இரண்டு கோடுகள். நடுவில், 'லத்தீஃபா கடைக்கு மட்டும்' என்று ஜெனட்டின் கையெழுத்து.

"அந்தக் கடை மேல எனக்குக் கண்ணு இல்லன்னு சொல்ல மாட்டேன், வசு," என்றாள். "ராத்திரி தூக்கம் வரல. ஆனா காலையில ஆறரை மணிக்கு எனக்கு அம்பது பேருக்கு நாசி லெமாக் சோறு கட்டணும் லா. கம்ப்யூட்டர்ல திருட நேரம் ஏது?"

மணி 9.50. ஜெனட்டின் கணவன் எட்ரியன் கோலா தெர்லாவில் தன் லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். தொலைபேசியில் முதலில் மழுப்பினான். பிறகு கொட்டினான். லோரிக்காரர்கள் எல்லாரும் அவனை 'ஜெனட் புருஷன்' என்று கூப்பிடுகிறார்களாம். அவனுக்கென்று ஒரு பெயர் இருந்ததே மறந்துவிட்டார்களாம். கடை கிடைக்காமல் போனால் நல்லதென்று ஒருநாள் நினைத்ததும் உண்டாம்.

"நெனச்சேன்க்கா. செய்யல."

புனிதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா?" என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

மணி 10.35. மையத்துக்குத் திரும்பிய வசுமதி நகலை மறுபடி திரையில் பெரிதாக்கினாள். மேல் மூலையில் நிறுத்தினாள். பிறகு அடியில் இருந்த கறுப்புக் கோட்டுக்கு இறங்கினாள். அது நேராக இல்லை. ஓரத்தில் லேசாக வளைந்திருந்தது.

அவளுடைய காது மடல் சூடேறியது.

ஜெனட்டிடம் குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு வெளியே வந்து, கியா பார்முக்குக் காட்ட மாதிரிப் பொட்டலங்கள் வேண்டும் என்று புனிதாவிடம் கேட்டாள். பொட்டலம் கட்டுவது புனிதா வீட்டில்தான்.

மணி 11.20. புனிதாவின் சமையலறைப் பலகையில் நாற்பது பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றிலும் ஜெனட் என்ற பெயர் தெரியவில்லை. நாற்பதும் சுவரைப் பார்த்திருந்தன.

வசுமதிக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கைப்பேசியை எடுத்து ஜெனட்டை அழைத்தாள்.

"இப்போ அமுக்கு."

ரிங்லெட்டில் ஜெனட் பொத்தானை அமுக்கினாள். நான்கு விநாடி. புனிதாவின் ஜாக்கெட் பையில் 'டிங்' என்றது.

புனிதா பையைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"அசல் கார்டோட மூலை கிறிஸ்துமஸ்லயே உடைஞ்சுபோச்சு," என்றாள் வசுமதி. "திரையில இருக்கிற நகல்ல மூலை முழுசா இருக்கு. அப்போ அது பழைய நகல். எட்ரியன் இன்னைக்கு எடுத்தது இல்ல. கோடும் இல்ல. அப்போ நான் கோடு போடக் கத்துக்குடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. அப்படி ஒரே ஒரு தாள்தான் உண்டு. பதிவு பண்ண நீங்க ரெண்டு பேரும் வந்த அன்னைக்குக் காலையில, ரெண்டு ஐசியையும் ஒண்ணா வெச்சு நானே எடுத்துக் குடுத்தது. மேல ஜெனட்டோடது. கீழ உன்னோடது. நீ உன்னோடதை வெட்டிட்டு ஏத்தியிருக்க. ஆனா உன் கார்டோட மேல் விளிம்பு அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. நான் அதை அழுக்குன்னு நெனச்சேன்."

புனிதா அடுப்புத் திண்டில் சாய்ந்தாள். இஞ்சி எவ்வளவு, செராய் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வாட்டவேண்டும் என்பதெல்லாம் அவள் கண்டுபிடித்தது. இரண்டு வருடமாகப் பொட்டலம் கட்டிய கையும் அவளுடையது. கடை கிடைத்த செய்தி வந்ததும் லயமே ஜெனட்டின் வீட்டு வாசலில் கூடியது. புனிதாதான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். அன்று இரவு பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாளாம். இன்று காலை ஜெனட்டின் அழுகை கேட்டபோது, முதலில் ஓடிவந்து மோட்டாரைக் கிளப்பியதும் அவள்தான்.

மணி 11.25. அழைப்பு துண்டிக்கப்படவில்லை; மறுமுனையில் ஜெனட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வசுமதி கையை நீட்டினாள். புனிதா கைப்பேசியைக் கொடுக்கவில்லை. தானே திரையைப் பார்த்து, ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, தெளிவாக, தோழிக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"பதிவு திரும்ப வந்துட்டுச்சு," என்றாள் ஜெனட். வியாபாரம் பிழைத்தது.

புனிதா வசுமதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பேரு போதும்னு அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னீங்க. யாரு பேருன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"